தலைகீழ்க் கடிகாரம்

நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறவர்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளாமல் மார்பில் குத்திக்கொள்ளும் வழக்கம் ஒரு காலத்தில் பல தேசங்களிலும் இருந்தது. பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் இடப் பக்கத்தில், ஏதோ பதக்கம் போல, ஒரு சின்னக் கடிகாரம் தொங்கும். அதில் ஒரு விசேஷம் உண்டு. அது தலைகீழாகத் தொங்கும். எதிரே நிற்பவர் மணி பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தால் ஆறும் பன்னிரண்டும் குழம்பிப் போகும். குனிந்து பார்க்கும் நர்ஸுக்கு மட்டும் நேராகத் தெரியும். ஊருக்கு மணி காட்டுவதற்கு ஏற்பட்டதல்ல அந்தக் கடிகாரம். நோயாளியின் நாடியை எண்ணுவதற்கு ஏற்பட்டது.

மணிக்கட்டில் கட்டினால் என்ன கெட்டுப் போயிற்று என்று கேட்கலாம். முழங்கை வரை கழுவ வேண்டிய கையில் வாரும் வளையமும் இருந்தால் அழுக்குக்கும் கிருமிக்கும் அது நல்ல குடித்தனம். மார்பில் தொங்கினாலோ இரண்டு கையும் காலி. ஒரு கை நோயாளியின் நாடியில் இருக்கும். இன்னொரு கை அவர் தோளையோ நெற்றியையோ தொட்டுக்கொண்டிருக்கும். கண் மட்டும் ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் நோயாளியின் முகத்துக்கு வந்துவிடும். எவ்வளவு சின்ன ஏற்பாடு! ஆனால் யோசித்து யோசித்துச் செய்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஜாக்களின் வாளையும் கிரீடத்தையும் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் அந்த ராஜாக்களை வைத்துக் கதை பண்ணிப் பிழைத்தவன்தான். குறை சொல்ல மாட்டேன். என் சொந்த ஊரான களக்காட்டிலேகூட 16-ஆம் நூற்றாண்டில் வேணாட்டு அரசர்கள் தங்கி அரசாண்ட கதை உண்டு. ஆனால் இந்த வயதில் வாளைவிட, நர்ஸ் கையில் இருக்கும் சாமான்களின் சரித்திரத்தில்தான் எனக்கு ருசி அதிகமாகியிருக்கிறது. காரணம் எளிது. வாளால் எனக்கு ஒரு காரியமும் ஆனதில்லை.

நாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் மலைத் தொடரில்தான் அகஸ்தியர் மலை இருக்கிறது. தமிழ் வைத்தியம் அங்கிருந்து இறங்கி வந்தது என்பது இந்தப் பக்கத்துப் பாத்தியதை. அதை விட்டுக் கொடுக்க மாட்டோம். சித்த வைத்தியர் நாடியை எண்ணுவதில்லை. மூன்று விரலை வைத்து அதன் நடையைப் பார்ப்பார். வாதம் அன்னம் போல் நடக்கும், பித்தம் ஆமை போல் நடக்கும், கபம் தவளை போல் தத்தும் என்பார்கள். நடை என்பது அநுபவத்துக்குத் தெரிவது. இருபது வருஷம் தொட்ட விரலுக்குத் தெரியும். இன்றைக்குச் சேர்ந்த சீடனுக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் ஸர் ஜான் ஃப்ளாயர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1707-ஆம் ஆண்டு அவர் ஒரு புத்தகம் போட்டார். நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரம் செய்யச் சொன்னதாகவும், அது சரியாக ஒரு நிமிஷம் ஓடி நின்றுவிடும் என்றும் எழுதினார். அந்தக் காலத்துக் கடிகாரங்களில் நிமிஷ முள்ளே பெரிய சங்கதி. விநாடி முள்ளுக்கு எங்கே போவது? ஃப்ளாயரின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நாடியை எண்ணலாம். சீடனுக்கும் ஆசானுக்கும் ஒரே எண்தான் வரும். இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதலாம், இன்னொரு ஊருக்கு அனுப்பலாம், நேற்றைய எண்ணோடு ஒப்பிடலாம். நடையை அப்படிச் செய்ய முடியாது. அன்னம் லெட்ஜரில் ஏறாது.

உஷ்ணமானியின் கதையும் இதே மாதிரிதான். ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து வுண்டர்லிஷ் என்ற பேராசிரியர் ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் உடம்புச் சூட்டைக் குறித்து வைத்து, 1868-இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். அவர் காலத்து உஷ்ணமானி ஏறக்குறைய ஓர் அடி நீளம். கக்கத்தில் வைத்துக் கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஜுரக்காரருக்கு வாளை இடுக்கிக்கொண்டு படுத்திருப்பது போல் இருந்திருக்கும். அந்தச் சமயத்திலேயே, 1866-இல், இங்கிலாந்தில் கிளிஃபர்டு ஆல்பட் என்ற டாக்டர் அதை ஆறு அங்குலமாகக் குறைத்தார். ஐந்து நிமிஷத்தில் சூடு காட்டியது. சட்டைப் பையிலும் அடங்கியது. பைக்குள் அடங்கியதால்தான் உஷ்ணமானி டாக்டரின் மேஜையிலிருந்து நர்ஸின் கைக்கு வந்தது. இதை நான் ஒரு விதியாகவே சொல்வேன்: எந்தக் கருவி பைக்குள் அடங்குகிறதோ அது டாக்டரை விட்டு நர்ஸிடம் போய்ச் சேர்ந்துவிடும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் அதுதான் நடந்தது. 1896-இல் இத்தாலியர் ரீவா-ரோச்சி கைப்பட்டையைக் கொண்டுவந்தார். 1905-இல் ருஷ்ய ராணுவ டாக்டர் கொரட்காஃப் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தத்தைக் கேட்கும் முறையைச் சொன்னார். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி, எண்களைச் சேர்த்து வைக்கும் கதைக்கு வருவோம். இதில் முதல் நமஸ்காரம் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கு. விளக்கைக் கையில் ஏந்திய அம்மாள் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததோடு நாம் விட்டுவிடுகிறோம். விளக்கைவிட அவர் கையில் அதிக நேரம் இருந்தது பேனா. 1858-இல் கிரிமியா யுத்தத்தில் செத்த சிப்பாய்களில் பெரும்பாலோர் குண்டு பட்டுச் சாகவில்லை, தடுத்திருக்கக்கூடிய வியாதியால் செத்தார்கள் என்பதை வட்டப் படம் போட்டு, வர்ணம் தீட்டிக் காட்டினார். பிறகு இந்தியாவின் பக்கம் திரும்பினார். இந்த தேசத்துக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் இங்கே இருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, படுக்கைக்கும் படுக்கைக்கும் எத்தனை அடி என்று கேள்வி மேல் கேள்வி. பதில்கள் வண்டி வண்டியாக லண்டனுக்குப் போயின. 1863-இல் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கையில், இந்தியாவில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. பத்து வருஷத்தில் அது 18-ஆகக் குறைந்தது என்று அந்த அம்மாளே பின்னால் கணக்குச் சொன்னார்.

ஆகவே, "பாரம் நிரப்புதல்" என்ற வியாதிக்கு மூல கர்த்தா யார் என்று எந்த நர்ஸாவது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டால், தயக்கமில்லாமல் அவருடைய குலதெய்வத்தின் பெயரையே சொல்லலாம்.

சென்னையில் 1854-இலேயே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. 1871-இல் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி வந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1909-இல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். 1946-இல் அது பட்டம் தரும் கல்லூரி ஆயிற்று. எங்கள் பக்கத்தில் நெய்யூரிலும் நாஸரேத்திலும் 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. ஆனால் கிராமத்து வாசற்படியை மிதித்த நர்ஸின் கதை வேறு. அவள் ஆஸ்பத்திரிக்குள் நிற்கிறவள் அல்ல. ஆஸ்பத்திரியைத் தன் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறவள். 1973-இல் கர்த்தார் சிங் குழு என்று ஒன்று, அம்மைக்கு ஓர் ஆள், மலேரியாவுக்கு ஓர் ஆள், பிரசவத்துக்கு ஓர் ஆள் என்று தனித் தனியாக அனுப்புவதை விட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் ஊழியர் வேண்டும் என்று சொன்னது. எல்லாவற்றையும் ஒருவர் செய்வதென்றால் எல்லாவற்றையும் ஒருவர் எழுதுவது என்றும் அர்த்தம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கு மேல் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கிராம சுகாதார செவிலியர். அரசாங்கக் கடிதத்தில் அப்படி, ஊரில் "நர்ஸம்மா."

அந்த நர்ஸம்மாவின் பையை நான் சின்ன வயதில் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறேன். மருந்து கொஞ்சம், நோட்டுப் புத்தகம் அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, கருத்தடைக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று. அடியில் மரத்தாலான ஊதுகுழல் மாதிரி ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஊதிப் பார்த்து ஆச்சியிடம் அடி வாங்கினேன். அது பினார்டு என்ற பிரெஞ்சு டாக்டர் 1895-இல் செய்த குழல் என்பது வெகு காலம் கழித்துத் தெரிந்தது. அகன்ற முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறு முனையில் காதை வைத்தால் சிசுவின் இருதயத் துடிப்புக் கேட்கும். கேட்கிறவள் ஒருத்திதான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சமாசாரம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களில் வந்த டாப்ளர் கருவி அந்தச் சத்தத்தை அறை முழுக்க ஒலிக்கச் செய்தது. இப்போது தாய்க்கும் கேட்கிறது. கைக்குள் அடங்கும் மின் கருவிகளில் எனக்கு மனப்பூர்வமாகப் பிடித்தது இது ஒன்று. பிள்ளையின் துடிப்பை முதலில் கேட்கும் உரிமை பெற்றவளுக்கல்லவா?

நோட்டுப் புத்தகங்களை ஒழிக்க வேண்டும் என்ற யோசனை முதலில் எங்கே காரியமாயிற்று தெரியுமா? அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி 1993-இல் "நியூட்டன்" என்று ஒரு கையடக்கக் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையில் எழுதினால் எழுத்தைப் புரிந்துகொள்ளும் என்று விளம்பரம். அது புரிந்துகொண்ட அழகைப் பத்திரிகைக் கேலிச் சித்திரக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். 1998-இல் கம்பெனியே அதைக் கைவிட்டது. அங்கே சிரிப்பாய்ச் சிரித்த அந்தக் கருவியைத்தான் 1990-களின் நடுவில் ராஜஸ்தான் மாநிலத்துக்குக் கொண்டுவந்து, ஆப்பிள் நிபுணர்களும் நம் நாட்டு ஸி.எம்.ஸி. நிறுவனத்தாரும் கிராமத்துத் துணை நர்ஸ்களின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டகம் போகிற மண் பாதையில், முக்காடு போட்ட நர்ஸ் ஒருத்தி கையில் கலிபோர்னியாக் கருவி. எழுத்தைவிடப் படங்களாகப் போட்டால் நல்லது, வீடு வீடாகத் தேடும்படி அமைக்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் கற்றுக்கொண்டது அந்த நர்ஸ்களிடமிருந்து.

தமிழ்நாட்டில் நடந்த பரீட்சை இதைவிட நமக்கு நெருக்கம். 2008 முதல் 2010 வரை, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியர்களின் கையில் நோக்கியா செல்போன் கொடுக்கப்பட்டது. அதே சமயத்தில் இலங்கையில் குருநாகல் மாவட்டத்தில் சர்வோதய ஊழியர்களிடமும் கொடுத்தார்கள். கொழும்பிலுள்ள லர்ன் ஏஷியா, சென்னை ஐ.ஐ.டி.யின் கிராமியத் தொழில்நுட்பப் பிரிவு, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து நடத்திய காரியம். பணம் கனடா தேசத்தது. நர்ஸ் செய்ய வேண்டியது இதுதான்: இன்று பார்த்த நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, என்ன வியாதி, என்ன குறி என்பதைப் போனில் தட்டி அனுப்ப வேண்டும். எங்கேயாவது திடீரென்று ஜுரமோ பேதியோ வழக்கத்துக்கு மேல் தலைகாட்டினால் கணிப்பொறி எச்சரிக்கும். பழைய முறையில் தாள் ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து மாவட்டம் என்று ஊர்ந்து போவதற்குள் தொற்றுநோய் வந்து, விருந்து சாப்பிட்டு, போயே போய்விடும்.

யோசனை பிரமாதம்தான். ஆனால் அது முழுவதும் ஒரு சின்ன விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பாருங்கள். பகல் முழுவதும் நடந்து கால் வலிக்க வீட்டுக்கு வந்த ஒரு பெண், சோறு வடிப்பதற்கு முன்னால், பித்தான் அளவு எழுத்துகளை அமுக்கி அத்தனை பேரையும் பதிவு செய்ய வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று நாள் கணக்கை மொத்தமாக அனுப்பினால், எச்சரிக்கையும் மூன்றாம் நாள்தான் வரும். பிட்ஸ்பர்க் நகரத்துக் கணித சாஸ்திரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் திருப்பத்தூர் அடுப்பங்கரையைத் தாண்டித்தான் அது ஓட வேண்டும்.

2008-ஐ ஒட்டித்தான் தமிழ்நாடு அரசாங்கம் கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பெயர் பெயராகத் தொடரும் கணிப்பொறிப் பதிவைக் கொண்டுவந்தது. "பிக்மி" என்று அதற்குப் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து யாரோ வைத்தது, நம் பெண்கள் அதைத் தமிழாக்கி, "பிக்மி நம்பர் போட்டாச்சா?" என்று பிள்ளையார் சுழி மாதிரிப் பேசுகிறார்கள். கர்ப்பம் தரித்ததும் பெயரைப் பதிவு செய்தால் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேறு நிதிக்கும் அந்த எண் வேண்டும். முதலில் மாலையில் கணிப்பொறி முன் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். பிறகு கையில் செல்போனும் பலகைக் கணிப்பொறியும் வந்தன. 2016-இல் மத்திய அரசாங்கமும் "அன்மோல்" என்ற செயலியை ஆந்திராவில் தொடங்கி வைத்தது.

இந்த எண்ணால் என்ன பிரயோஜனம் என்று நான் எங்கள் ஊர் நர்ஸம்மா ஒருவரிடம் கேட்டேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் போகும் தெருக்கள் அவருடையவை. ஏத்தன் குலையை லாரியில் ஏற்றி மலையாளத்துக்கு அனுப்புகிறவர்கள் வீடுகள். அவர் எனக்குச் சொன்னது ஆராய்ச்சிக் கட்டுரை எதிலும் நான் படிக்காத விஷயம்.

நம் வழக்கத்தில் பெண் எங்கே கர்ப்பமாகிறாளோ அங்கே பிரசவிப்பதில்லை. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்புப் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். கண்ணாடி வளையலும் கட்டுச் சோறும் பெண்ணோடு வரும். நோட்டுப் புத்தகம் புருஷன் ஊரிலேயே தங்கிவிடும். ஆறு மாசமாக அவளைப் பார்த்துவந்த நர்ஸுக்குத் தெரிந்தது எதுவும் புது நர்ஸுக்குத் தெரியாது. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற அம்மாக்காரி வாக்குமூலம் ஒன்றுதான் சரித்திரம். மிகவும் அபாயமான மாதங்களில், மிகவும் கொஞ்சமாகத் தெரிந்த ஒருத்தியின் கைக்குப் பெண் வந்து சேருகிறாள். இது எத்தனை தலைமுறையாக நடந்திருக்கிறது!

அப்படித் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணை வீட்டில் போய்ப் பார்த்தாராம். கொஞ்சம் தலைவலி, கால் வீக்கம். வெயிலில் பஸ்ஸில் வந்த அசதி என்று வீட்டில் இஞ்சிக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். நர்ஸம்மா கைப்பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 150-க்கு 100. பெண்ணின் எண்ணைப் போனில் தட்டினார். போன மாசம் 110-க்கு 70, அதற்கு முந்தின மாசமும் அதுவே என்று இருந்தது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆச்சி பொறுக்கவில்லை.

"ஏ தாயி, பிள்ளைக்குத் தலை வலிக்குன்னு நான் சொல்லுதேன். நீ அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கியே!"

"பொட்டியிலதான் ஆச்சி விஷயம் இருக்கு. இந்தப் பிள்ளைக்கு எப்பவுமே இப்படி இல்ல. இப்பத்தான் ஏறியிருக்கு. உடனே ஹைகிரவுண்டுக்குப் போகணும்."

"நாளைக்கு அமாவாசை. வெள்ளிக்கிழம கூட்டிட்டுப் போவோமே."

"அமாவாசைக்கு நீங்க விரதம் இருங்க ஆச்சி. நான் பிள்ளைய ஆம்புலன்ஸில ஏத்துதேன்."

பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை எங்கள் பக்கத்தில் ஹைகிரவுண்டு என்றால்தான் தெரியும். அங்கே மறுநாள் பிரசவமாயிற்று. தாயும் பிள்ளையும் சுகம். கர்ப்பத்தில் திடீரென்று ஏறும் இரத்த அழுத்தம் வலிப்பாக மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் "பேறுகாலத்தில் ஜன்னி கண்டு போய்விட்டாள்" என்று சொல்லப்படும் ஏதோ ஓர் அத்தையோ சித்தியோ இருந்திருப்பாள். 2018–20 கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிரசவத்துக்குத் தாய் மரணம் இந்தியா முழுவதற்கும் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்தைச் செல்போன் உண்டாக்கிற்று என்று சொன்னால் பொய். ஆஸ்பத்திரியும் ரோடும் இரத்த வங்கியும் பெண்களின் படிப்பும் சேர்ந்து உண்டாக்கின. ஆனால் அந்த ஒரு பெண்ணின் விஷயத்தில், வளைகாப்போடு அவளுடைய சரித்திரமும் கூட வந்தது என்பது நிஜம்.

ஆனாலும் ஆச்சி சொன்னதை நான் தள்ளிவிடத் தயாராயில்லை. பெட்டியைப் பார்க்கிற கண் முகத்தைப் பார்க்கவில்லை. மார்புக் கடிகாரத்தில் கண் ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது. செல்போனில் ஒரு தடவை தாழ்ந்தால் எழுந்திருக்க நேரமாகிறது. நர்ஸம்மாவே சொன்னார்: இந்தச் செயலியில் ஒன்று, அந்தச் செயலியில் ஒன்று, அதோடு பழைய நோட்டிலும் ஒன்று. நோட்டை ஒழிக்க வந்த கருவி நோட்டுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டது. செவிலியர் சங்கங்கள் வெகு நாளாகச் சொல்லிவரும் குறையும் இதுதான். இன்னொன்று எனக்குத் தோன்றுகிறது. நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விடலாம். "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதலாம். சில செயலிகள் எண் போடாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை. பார்க்க முடியாத இடத்திலும் ஏதாவது ஓர் எண்ணைப் போடும்படி மனுஷியைத் தூண்டுகிற கருவி நல்ல கருவி அல்ல. 120-க்கு 80 என்பது ஆரோக்கியத்தின் அடையாளம். தெரு முழுக்க 120-க்கு 80 என்றால் அது சோர்வின் அடையாளம்.

நர்ஸ் படிக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-இல் அமெரிக்காவில் "பாம் பைலட்" என்ற கையடக்கக் கருவி வந்தது. அதன் பிறகு அங்கே சில நர்ஸ் கல்லூரிகள், பாடப் புத்தகம் போல மாணவிகள் அதையும் வாங்க வேண்டும் என்று விதித்தன. தலையணை கனத்து மருந்து அகராதி உள்ளங்கையில் வந்துவிட்டது. நம் ஊரிலோ செல்போனை விடுதி அறையில் பூட்டி வைத்துவிட்டு வார்டுக்குப் போக வேண்டும் என்று பல இடங்களில் கட்டளை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நோயாளியைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிற புத்தியை எந்த வார்டும் சகிக்கக் கூடாது. ஆனால் கணக்கு? 500 மில்லி லிட்டர் சலைன் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். இந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்படியானால் 10,000 சொட்டு, 240 நிமிஷம், நிமிஷத்துக்குச் சுமார் 42. பழைய நர்ஸ்கள் இதை மனசுக்குள் போட்டு, மார்புக் கடிகாரத்தைப் பார்த்துத் திருகை நகர்த்துவார்கள். இப்போது போன் போட்டுக் கொடுக்கும். என் மருமகள் முறையாகும் ஒரு மாணவி ஒரு நாள் புள்ளியைத் தவற விட்டு, 420 சொட்டு என்று வந்ததை என்னிடம் காட்டிச் சிரித்தாள். "எப்படித் தெரிந்தது தப்பு என்று?" என்றேன். "நிமிஷத்துக்கு 420 சொட்டு எண்ண முடியுமா மாமா? அது சொட்டு இல்ல, குழாயடி" என்றாள். எண்ணிப் பழகிய கண்ணுக்குத்தான் அது குழாயடி என்று தெரியும். ஆகவே போனும் இருக்கட்டும். முதல் வருஷத்தில் விரலும் எண்ணட்டும்.

கருவியின் வாக்கை வேத வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னொரு கதை உண்டு. 1974-இல் ஜப்பானில் தக்குவோ ஆயோகி என்ற பொறியாளர், தோலின் வழியே ஒளியைச் செலுத்தி, நாடித் துடிப்பிலிருந்தே இரத்தத்தின் பிராணவாயு அளவைக் கணிக்கும் வழியைக் கண்டார். அதுதான் விரல் நுனியில் கவ்வும் ஆக்ஸிமீட்டர். 2020-இலும் 2021-இலும் கொரோனா ஊரைக் கலக்கியபோது, நர்ஸ்களும் தன்னார்வத் தொண்டர்களும் அதை எடுத்துக்கொண்டு படியேறிய வீடுகளுக்குக் கணக்கில்லை. மூச்சு முட்டாமலே பிராணவாயு குறைந்து போகும் விபரீதத்தை அந்தச் சின்னக் கவ்விதான் காட்டிக் கொடுத்தது. ஆயோகி 2020 ஏப்ரலில் காலமானார். தன் கருவி உலகத்தின் விரல்களிலெல்லாம் ஏறியதை முழுவதும் பார்க்காமலே போய்விட்டார். அதே வருஷம் டிசம்பரில் மிஷிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டி, பரவாயில்லை என்று சொன்னவர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால், வெள்ளையர்களில் 3.6 சதவிகிதம் பேருக்கும், கறுப்பர்களில் 11.7 சதவிகிதம் பேருக்கும் உண்மையில் பிராணவாயு அபாயமாகக் குறைந்திருந்தது. கருத்த தோலின் வழியே ஒளி வேறு மாதிரிப் போகிறது. கருவியைச் சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் வெளுத்த விரல்களை வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். பச்சையாற்று வயலில் வெயில் குடித்த எங்கள் ஊர் விரல்களை நினைத்துக்கொண்டேன். உதட்டின் நிறத்தையும் மூச்சின் வேகத்தையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்த பழைய வார்டு அக்காமார்கள் பைத்தியக்காரிகள் அல்ல.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பமான பிறகு, இரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரையும் வருகிறது. பின்னாலேயே அதைப் பதிவு செய்யும் போனும் வருகிறது.

மலையில் மட்டும் நிலைமை வேறு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. பாபநாசத்துக்கு மேலே இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமானால் காரையாறு அணையைப் படகில் கடந்து, பிறகு காட்டு வழியே நடக்க வேண்டும். யானை வழியில் நின்றால் அது போகும் வரையில் அரசாங்கத் திட்டமும் நிற்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போன் கோபுரத்தின் அலை எட்டுவதில்லை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிற நர்ஸ்கள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு குயர் நோட்டை மழைக்காக நெகிழிப் பையில் சுற்றி எடுத்துப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே குழந்தையைத் தூக்கித் தராசில் தொங்கவிட்டு, எடையைப் பென்சிலால் எழுதுகிறார்கள். பேனா மை மழையில் கரையும், பென்சில் கரையாது. கீழே இறங்கி வருகையில் திரையின் மூலையில் முதல் கோடு தலைகாட்டும் வளைவு ஒன்று உண்டாம். அங்கே வழியோரப் பாறையில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்து, ஒவ்வொரு குழந்தையின் பெயராகத் தட்டிக்கொண்டிருப்பார்களாம். வெளிச்சம் இருக்கிற வரையில்.